குடும்பப்பெயருக்குக் குலச்சின்னம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் என் நண்பர் வீட்டு முன்னறையில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. சிவப்புக் கேடயம், அதில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் பொன்னிறச் சிங்கம், மேலே இரும்புத் தலைக்கவசம், கீழே சுருள் நாடாவில் 'ஃபெர்னாண்டோ' என்ற பெயர். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு பரிசுப்பொருள் கடையில் வாங்கி அனுப்பியது. கூடவே பழைய ஓலை போன்ற நிறத்தில் ஒரு சான்றிதழும் வந்தது. சிவப்பு என்றால் போர்த்திறன், பொன் என்றால் பெருந்தன்மை, சிங்கம் என்றால் அஞ்சாமை என்று அதில் வரிசையாக அச்சிட்டிருந்தார்கள்.

"இது எங்க குடும்பத்துச் சின்னமாம். சரிதானா?" என்று நண்பர் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய், அவருடைய உறவினர்களும் நண்பர்களும் அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்டவற்றையும் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

குலச்சின்னம் என்று எதைச் சொல்கிறோம்?

மேற்கு ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் உருவான வழக்கம் இது. ஒருவர் தன் கேடயத்திலும் கொடியிலும் முத்திரையிலும் வைத்துக்கொண்ட படம், அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் படத்தை அமைப்பதற்கும் விவரிப்பதற்கும் வழிவழியாகக் கொடுப்பதற்கும் விதிகள் உண்டு. விதிகளோடு சேர்ந்த இந்தக் கலைக்கு ஹெரால்ட்ரி என்று பெயர். 'ஹெரால்ட்' என்பவர் ஏறக்குறைய நம் கட்டியங்காரர் போன்றவர். போட்டிப் போர்களில் களத்துக்கு வரும் வீரர் இன்னார் என்று அறிவிப்பது அவர் வேலை. முகம் மூடிய மனிதரைக் கேடயத்தைப் பார்த்தே அடையாளம் சொல்ல வேண்டியவர் என்பதால், யாருக்கு எந்தச் சின்னம் என்ற கணக்கும் அவரிடம் வந்து சேர்ந்தது.

என் குடும்பப்பெயருக்கு ஒரு சின்னம் இருக்கும்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குலச்சின்னம் பெயருக்குச் சொந்தமானதல்ல. ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும், அவருடைய கொடிவழியில் வந்தவர்களுக்கும் சொந்தமானது.

ஊரில் முருகன் என்ற பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஒரு முருகன் பெயரில் நாலு ஏக்கர் பட்டா இருக்கிறது என்பதற்காக மற்ற முருகன்கள் அந்த வரப்பில் கால் வைக்க முடியுமா? அவருடைய பிள்ளைகள்தான் கேட்க முடியும். குலச்சின்னமும் அப்படித்தான்.

ஐரோப்பியக் குடும்பப்பெயர்கள் எப்படி உண்டாயின என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார். அவர்கள் எல்லாரும் ஒரு பாட்டனின் பிள்ளைகள் அல்லர். ஃபெர்னாண்டஸ் என்றால் ஃபெர்னாண்டோவின் மகன். ஃபெர்னாண்டோ என்ற பெயருள்ள தகப்பன்மார் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் எத்தனையோ பேர். ஒரே பெயர் என்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாது.

அப்படியானால் கடைகள் விற்பது கற்பனைச் சின்னமா?

பெரும்பாலும் கற்பனை அல்ல. அதுதான் ஆளைக் குழப்புகிறது. பழைய சின்னத் தொகுப்பு நூல்களில், அந்தக் குடும்பப்பெயர் கொண்ட யாரோ ஒருவருக்கு உரிய சின்னம் பதிவாகியிருக்கும். கடைக்காரர் அதை எடுத்துப் பெயருக்கு நேராகப் போட்டுவிடுகிறார். அதே பெயரில் பத்துப் பேருக்குப் பத்து வேறு சின்னங்கள் அந்த நூலில் இருந்தாலும், கண்ணுக்கு எடுப்பான ஒன்று பலகைக்கு வரும். ஆக, படம் உண்மையானது. அது வேறொரு வீட்டுப் படம். அடுத்த வீட்டுத் தாத்தாவின் கல்யாணப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு நம் சுவரில் மாட்டுவது போல.

இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அந்த மகள் ஆசையோடு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாள். தன் தகப்பனுக்கு ஒரு வேர் இருக்கிறது என்று காட்ட நினைத்திருக்கிறாள். அந்த ஆசைக்கு உண்மையான பதில் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது?

1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பாயூ துணிச் சித்திரத்தில் ஒரு காட்சி உண்டு. நார்மண்டியின் வில்லியம் இறந்துவிட்டார் என்று படையில் வதந்தி பரவுகிறது. அவர் தலைக்கவசத்தைப் பின்னால் தள்ளி, முகத்தைக் காட்டி, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்கிறார். அந்தச் சித்திரத்தில் கேடயங்களில் கோலங்கள் இருக்கின்றன; ஆனால் ஒரே மனிதருக்கு எப்போதும் ஒரே கோலம் என்ற முறை இல்லை. முகத்தைக் காட்டினால்தான் ஆள் தெரியும் என்ற நிலை.

பிறகு நூறாண்டுக்குள் நிலை மாறிவிட்டது. பிரான்சில் ல மான் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு பழைய எனாமல் தகடு இருக்கிறது. உயரம் ஏறக்குறைய இரண்டடி. அதில் அன்ஷூ பிரபு ஜெஃப்ரி நிற்கிறார், 1151-இல் இறந்தவர். வலக்கையில் நிமிர்த்திய வாள். இடப்பக்கம் உடம்பில் பாதியை மறைக்கும் நீண்ட நீலக் கேடயம், அதில் பொன்னிறச் சிங்கங்கள். தலையில் உள்ள நீலத் தொப்பியிலும் ஒரு சிங்கம். அவருடைய பேரன் வில்லியம் லாங்கெஸ்பே 1226-இல் இறந்தார். இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தில் அவர் கல்லறை மேல் படுத்திருக்கும் உருவத்தின் கேடயத்தில் பாருங்கள், அதே பொன் சிங்கங்கள். தாத்தாவின் சின்னம் பேரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மரபுரிமையாக வரும் சின்னத்துக்கு ஆரம்பகாலச் சான்றாக எல்லாரும் காட்டுவது இந்த இரண்டையும்தான்.

ஒரே சின்னத்தை இரண்டு பேர் வைத்துக்கொண்டால்?

வழக்கு வரும். வந்தது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

1385-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்து மீது படையெடுத்தார். படையில் ரிச்சர்ட் ஸ்க்ரோப் என்ற பிரபு இருந்தார். அவர் சின்னம் நீலக் கேடயத்தில் மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் ஒரு பொன் பட்டை. அதே படையில் செஷயர் பகுதி வீரர் ராபர்ட் குரோவ்னரும் வந்திருந்தார். அவர் கேடயமும் நீலம், அதில் அதே பொன் பட்டை. இருவரும், எங்கள் முன்னோர் காலத்திலிருந்தே இது எங்களுடையது என்றார்கள்.

சின்ன உரிமை வழக்குகளை விசாரிக்கும் வீரர் நெறி நீதிமன்றத்தில் வழக்கு ஐந்தாண்டு நடந்தது. நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். 1386-இல் அவர் கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. லண்டன் ஃப்ரைடே தெருவில் நடந்துபோகும்போது ஒரு விடுதி வாசலில் இந்தச் சின்னம் தொங்குவதைப் பார்த்தாராம். ஸ்க்ரோப் இங்கேயா தங்கியிருக்கிறார் என்று விசாரித்தாராம். இல்லை, இது குரோவ்னருடையது என்று பதில் வந்ததாம். அப்படி ஒரு பெயரை அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன் என்றார் சாசர். தெருவில் போகிற ஒருவர் சின்னத்தைப் பார்த்து வீட்டுக்காரரைச் சொல்லும் அளவுக்கு இது அன்றாட வாழ்வில் கலந்திருந்தது.

1389-இல் ஸ்க்ரோப் பக்கம் தீர்ப்பு வந்தது. குரோவ்னர் அதே சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளி விளிம்பு போட்டுக்கொள்ளலாம் என்று நீதிபதி சலுகை கொடுத்தார். மேல்முறையீட்டில் 1390-இல் மன்னர் அதையும் ரத்து செய்தார். விளிம்பு போட்டு வேறுபடுத்துவது ரத்த உறவுள்ள பங்காளிக்குப் பொருந்தும், வெளியாளுக்குப் பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணம். குரோவ்னர் பட்டையை விட்டுவிட்டு, நீலத்தில் ஒரு பொன் கதிர்க்கட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தக் காரணத்தை ஒரு முறை திரும்பப் படியுங்கள். வழக்காடியவர்களின் குடும்பப்பெயர்கள் வேறு வேறு. பெயரைப் பற்றிய பேச்சே எழவில்லை. ரத்த உறவு உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி.

நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

சான்றிதழில் இருந்த பட்டியலுக்கு இடைக்கால வழக்கத்தில் ஆதாரம் இல்லை. நிறத்துக்கு ஒரு குணம் என்று அடுக்கும் பட்டியல்கள் பிற்கால எழுத்தாளர்களுடையவை. ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதோடு ஒத்துப்போவதும் இல்லை.

நிறங்களுக்கு உண்மையில் இருந்தது ஒரு நடைமுறை விதி. பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வைக்கக்கூடாது, நிறத்தின் மேல் நிறம் வைக்கக்கூடாது. காரணம், தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் மஞ்சள் மேல் கறுப்பில் எழுதுவது எதற்கு? வண்டி ஓடும்போதே ஊர்ப்பெயர் படிக்க முடிய வேண்டும் என்றுதானே. அதே யோசனைதான். இந்த விதியை மீறிய சின்னங்களில் புகழ்பெற்றது சிலுவைப்போர்க் காலத்து ஜெருசலேம் அரசின் சின்னம்: வெள்ளிமேல் பொன் சிலுவைகள்.

நிறம் பூச முடியாத இடத்தில் என்ன செய்வது? 1638-இல் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட முறை இன்றுவரை நிலைத்துவிட்டது. நெடுக்குக் கோடுகள் என்றால் சிவப்பு, கிடைக்கோடுகள் என்றால் நீலம், புள்ளிகள் என்றால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, இரண்டு கோடுகளும் குறுக்கே வந்தால் கறுப்பு. இதைத் தெரிந்துகொண்டால் பழைய வெள்ளிக் கரண்டியிலும் கல்லறையிலும் நிறத்தைப் படிக்கலாம்.

இது நம் கடற்கரைக்கும் உதவும். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ளும் டச்சு வணிகக் கம்பெனிக்காரர்களின் கல்லறைகள் உண்டு. பெரிய கருங்கற்களில் கேடயமும் தலைக்கவசமும் இலைச்சுருளும் செதுக்கியிருப்பார்கள். சாய்ந்த வெயிலில் போனால் செதுக்கல் நன்றாகத் தெரியும். உப்புக் காற்றில் எழுத்து தேய்ந்த இடத்திலும் கேடயத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும்.

சிங்கத்துக்காவது அர்த்தம் உண்டா?

சிங்கம் வைத்தவர்கள் ஏராளம். சின்னம் இல்லாதவன் சிங்கத்தை வைத்துக்கொள்வான் என்று பிரெஞ்சில் பழமொழியே உண்டு. எல்லாரிடமும் இருக்கும் ஒன்று ஒரு குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

ஆனால் அர்த்தமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு வகை அர்த்தம் நிச்சயமாக உண்டு: பெயரோடு விளையாடும் சிலேடை. போஸ்-லயன் என்பது இரண்டாம் எலிசபெத்தின் தாயார் பிறந்த குடும்பம். அவர்கள் கேடயத்தில் விற்களும் சிங்கங்களும் இருக்கும். 'போ' என்றால் வில், 'லயன்' என்றால் சிங்கம். ஷேக்ஸ்பியரின் தகப்பனார் ஜானுக்கு 1596-இல் கிடைத்த சின்னத்தில், பொன் கேடயத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை, பட்டையின் மேல் ஓர் ஈட்டி. 'ஸ்பியர்' என்றால் ஈட்டி. இது வேறொரு பிரபுவின் சின்னத்தைப் போலவே இருக்கிறது, அதுவும் ஒரு நடிகருக்குப் போய்க் கொடுத்தீர்களா என்று 1602-இல் ரால்ஃப் புரூக் என்ற ஹெரால்ட் ஆட்சேபம் எழுப்பினார். ஈட்டி இருப்பதே போதிய வேறுபாடு, ஜான் தன் ஊரில் நீதி நிர்வாகப் பதவி வகித்தவர் என்று பதில் வந்தது.

இன்னொரு வகை, வைத்தவரே காரணம் சொன்ன சின்னம். 2011-இல் கேத்தரின் மிடில்டன் திருமணத்துக்கு முன் அவர் தந்தைக்குக் கொடுக்கப்பட்ட சின்னம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று ஓக் கொட்டைகள், மூன்று பிள்ளைகளுக்காக. அவர்கள் வளர்ந்த பகுதியில் ஓக் மரங்கள் அதிகம். நடுவில் பொன் நிறத்தில் கூரை வடிவப் பட்டை, தாயாரின் பிறந்தவீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதற்காக. இந்த அர்த்தம் நமக்குத் தெரிவது, வைத்தபோதே எழுதி வைத்ததால். எழுநூறு ஆண்டுக்கு முந்திய சிங்கத்துக்கு அப்படி ஒரு குறிப்பு பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் நாமாக ஒன்றை எழுதி நிரப்பக்கூடாது.

'ஃபேமிலி கிரெஸ்ட்' என்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பலர் முழுச் சின்னத்தையும் கிரெஸ்ட் என்கிறார்கள். கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும். ஷேக்ஸ்பியர் சின்னத்தில் அது ஈட்டி பிடித்த ஒரு வல்லூறு. முக்கியமானது கேடயம். கிரெஸ்ட் இல்லாத சின்னங்கள் உண்டு, கேடயமே இல்லாத குலச்சின்னம் மிக அரிது. இருபுறமும் நின்று கேடயத்தைத் தாங்கும் விலங்குகள், மனிதர்கள் எல்லாருக்கும் கிடைக்காது. இங்கிலாந்தில் அவை பிரபுக்கள் போன்ற உயர்நிலையில் இருப்பவர்களுக்குத்தான்.

அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே சின்னத்தை வைத்துக்கொள்ளலாமா?

பழைய விதிப்படி அசல் சின்னம் குடும்பத்தலைவருக்கு. பிள்ளைகள் சிறு குறியைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும். இங்கிலாந்து முறையில் மூத்த மகனுக்குக் கேடயத்தின் மேற்பகுதியில், கால்கள் போலச் சிறு துண்டுகள் தொங்கும் ஒரு பட்டை; தந்தை இறந்ததும் அதை எடுத்துவிடுவார். இரண்டாமவருக்குப் பிறை, மூன்றாமவருக்கு நட்சத்திரம், நான்காமவருக்குக் காலில்லாத ஒரு சிறு பறவை. கால் ஊன்ற நிலம் கிடைக்காத பிள்ளை என்று அந்தப் பறவைக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். இதுவும் பிற்கால விளக்கமாக இருக்கலாம். ஆனாலும் கேட்கும்போது மனதைத் தொடுகிறது.

அரச குடும்பம் இதைத் தன் வழியில் செய்கிறது. இளவரசர் ஹாரிக்குக் கொடுக்கப்பட்ட பட்டைக்கு ஐந்து கால்கள், அவற்றில் மூன்றில் சிறு சிவப்புச் சிப்பிகள். அந்தச் சிப்பி தாயார் டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பத்துக் கேடயத்திலிருந்து வந்தது.

பெண்களுக்கு?

பெண் போருக்குப் போவதில்லை என்று சொல்லி, கேடயத்துக்குப் பதில் சாய்சதுர வடிவத்தைக் கொடுத்தார்கள். கேத்தரின் மிடில்டனின் சின்னம் திருமணத்துக்கு முன் அப்படித்தான், நீல நாடாவில் தொங்கும் சாய்சதுரமாக இருந்தது. மணமானதும் கணவர் சின்னம் ஒரு பாதி, மனைவியின் தந்தை சின்னம் மறுபாதி என்று ஒரே கேடயத்தில் சேர்ப்பார்கள். ஆண் வாரிசு இல்லாத வீட்டின் மகள், தன் தகப்பன் சின்னத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அது அவர்கள் கேடயத்தில் ஒரு கட்டமாகச் சேரும். பெரிய குடும்பங்களின் கேடயங்கள் கட்டம் கட்டமாக நிரம்பியிருப்பது இதனால்தான். கடந்த நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெண்களுக்கான விதிகளைப் பெருமளவு தளர்த்தினார்கள். இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

சின்னத்தைக் கொடுப்பது யார்? எனக்குக் கிடைக்குமா?

இங்கிலாந்தில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் தொடங்கி வைத்தது, லண்டன் விக்டோரியா அரசி தெருவில் இருக்கிறது. உங்கள் தகப்பன் வழி முன்னோர் ஒருவருக்குச் சின்னம் இருந்தது என்று நிரூபித்தால் உரிமை உண்டு. இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரரின் தகுதியைப் பார்ப்பார்கள், கட்டணம் பல ஆயிரம் பவுண்டு, முடிய நாளாகும். கிடைத்தால் தோல்தாளில் கையால் வரைந்து முத்திரை வைத்துத் தருவார்கள். பாடகர் எல்டன் ஜான் அப்படித்தான் பியானோ கட்டைகள் உள்ள கேடயத்தைப் பெற்றார்.

ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு: லார்ட் லயன் நீதிமன்றம். 1672-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. அடுத்தவர் சின்னத்தை எடுத்துப் போட்டால் வழக்குப் போடலாம். இங்கிலாந்தில் வீரர் நெறி நீதிமன்றம் 200 ஆண்டுகளுக்கு மேல் கூடாமல் இருந்து, 1954-இல் ஒருமுறை கூடியது. மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை ஒரு நாடக அரங்கு பயன்படுத்திய வழக்கு, மாநகராட்சி வென்றது. கனடாவுக்கு 1988 முதல் சொந்த அமைப்பு இருக்கிறது, டொராண்டோ தமிழர்கள் இதைக் கவனிக்கலாம்.

அமெரிக்காவில் அரசு அமைப்பு இல்லை. ஆனாலும் தலைநகர் வாஷிங்டன் கொடியைப் பாருங்கள். வெள்ளையில் இரண்டு சிவப்புக் கிடைப்பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். அது ஜார்ஜ் வாஷிங்டனின் ஆங்கில முன்னோர் வைத்திருந்த கேடயம். 1938-இல் நகரத்தின் கொடி ஆனது.

எல்லா நாட்டிலும் இதே விதியா?

இல்லை. போலந்தில் தலைகீழ். அங்கே ஒரு சின்னத்தைப் பல குடும்பங்கள், வேறு வேறு பெயர்களோடு, சேர்ந்து வைத்துக்கொள்ளும். லெலிவா என்பது அப்படி ஒரு சின்னம்: நீலத்தில் பிறையும் நட்சத்திரமும். 1413-இல் ஹோரோட்லோ ஒப்பந்தத்தில் 47 லித்துவேனியக் குடும்பங்களைப் போலந்துப் பிரபுக்கள் தங்கள் சின்னங்களுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் இல்லாமலே உறவு கொடுத்த ஒரு நிகழ்வு அது.

ஸ்காட்லாந்துக் குலங்களில், தலைவரின் கிரெஸ்டை வாரும் கொக்கியும் கொண்ட வட்டத்துக்குள் வைத்து மற்றவர்கள் அணியலாம். 'நான் இந்தத் தலைவரின் ஆள்' என்பது அதன் பொருள், சின்னம் தலைவருடையதே. ஜப்பானில் 'காமோன்' என்ற குடும்பக் குறிகள் தனியாக வளர்ந்தவை. மிட்சுபிஷியின் மூன்று வைரங்கள் அப்படிப்பட்ட குறிகளிலிருந்து பிறந்தவைதான்.

எங்கள் பெயர் போர்ச்சுகீசியப் பெயர். போர்ச்சுகலில் எங்களுக்குச் சின்னம் இருக்காதா?

முத்துக்குளித்துறையில் ஃபெர்னாண்டோ, பெரேரா, ரோச், மச்சாடோ, கோமஸ் என்ற பெயர்கள் எப்படி வந்தன? 1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானத்தந்தையாக நின்ற போர்ச்சுகீசியரின் பெயர் இவர்களுக்கு வந்தது. பெயர் வந்தது, கொடிவழி வரவில்லை. அந்த ஞானத்தந்தைகளிலும் பலர் சாதாரணப் படைவீரர்கள், மாலுமிகள். அவர்களுக்கே கேடயம் இருந்திருக்காது.

போர்ச்சுகலில் சிந்த்ரா அரண்மனையில் ஒரு கூடம் உண்டு. மன்னர் முதலாம் மனுவேல் காலத்தில் அதன் விதானத்தில் 72 பிரபுக் குடும்பங்களின் கேடயங்களைத் தீட்டினார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கலைமான் ஏந்தியிருக்கும். அங்கே சின்னம் அரசர் கையில் இருந்தது, கொடுக்கவும் எடுக்கவும். 1758-இல் மன்னர் முதலாம் ஜோசேயைக் கொல்ல முயன்ற பழி தாவொரா குடும்பத்தின் மேல் விழுந்தது. மறு ஆண்டு கொடூரமான மரண தண்டனைகள். அதோடு நிற்கவில்லை, அந்தப் பெயரையும் சின்னத்தையும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள், சுவர்களிலிருந்து சின்னத்தைச் சுரண்டி எடுத்தார்கள்.

தமிழ் மண்ணில் இது போன்ற ஒன்று இருந்ததா?

புலி, மீன், வில் உடனே நினைவுக்கு வரும். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன: புலி தன்னுடையது, மீனும் வில்லும் வென்ற பாண்டியனுடையதும் சேரனுடையதும். இவை அரச மரபின் சின்னங்கள். குடியானவர், வணிகர் என்று வீட்டுக்கு வீடு கேடயம் வைத்து அதைப் பதிவு செய்யும் முறை இங்கே இல்லை. அதனால் இதை ஹெரால்ட்ரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஸ்க்ரோப் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் புறநானூற்றின் 45-ஆம் பாட்டு எனக்கு நினைவுக்கு வரும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் எதிரெதிரே நிற்கிறார்கள். கோவூர்கிழார் சொல்கிறார்: உன் எதிரி பனம்பூச் சூடிய சேரன் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன், உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. இருவரும் சோழர், இருவருக்கும் ஒரே பூ. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். குறியைப் பார்த்தே குடியைச் சொல்லும் கண் நம்மிடமும் இருந்திருக்கிறது.

பலகையை ஏற்கெனவே வாங்கிவிட்டோம். என்ன செய்வது?

கழற்ற வேண்டியதில்லை. மகளின் அன்பு அதில் இருக்கிறது. 'எங்கள் குடும்பச் சின்னம்' என்று விருந்தாளியிடம் சொல்லாமல் இருந்தால் போதும். மோதிரத்திலோ கல்லறைக் கல்லிலோ அதைச் செதுக்க நினைத்தால் மட்டும் வேண்டாம் என்பேன். அடுத்த தலைமுறை அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

வேர் தேடும் ஆசைக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும். பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். திருமணப் பதிவேடு அதற்கு அடுத்தது. அப்புறம் கல்லறைத் தோட்டம். கையில் ஒரு நோட்டும், கல்லைத் துடைக்க மெல்லிய தூரிகையும் போதும். கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய தாள், பக்கத்தை மெதுவாகப் புரட்டுங்கள்.

நண்பரும் நானும் இரண்டு சனிக்கிழமை அப்படி உட்கார்ந்தோம். அவருடைய தாத்தாவின் தாத்தா வரை போக முடிந்தது. ஐந்து பெயர்கள் கிடைத்தன. ஒன்றில் மை பரவி, கடைசி எழுத்தை மட்டும் ஊகிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் பலகையைச் சுவரிலிருந்து இறக்கினார், திருப்பினார், பின்பக்கத்து மரத்தில் பென்சிலால் அந்த ஐந்து பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். மகளின் பெயரை ஆறாவதாக எழுதிவிட்டு, திரும்ப மாட்டினார்.